மார்பகக் கட்டிக்கு வழிகாட்டும் ஒயர்: வைத்த இடத்தில் நிற்க வைப்பது எப்படி

கையில் தட்டுப்படாத மார்பகக் கட்டியை எடுக்கச் சர்ஜனுக்கு ஒரு வழிகாட்டி தேவை. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) உப்புத்தூள் தூவியது போலத் தெரியும் சுண்ணாம்புத் துகள்களும், அல்ட்ராசவுண்டில் மட்டும் தெரியும் 6 மி.மீ. கட்டியும் விரலுக்கு அகப்படாது. அதனால் அறுவை சிகிச்சை நாளன்று ரேடியாலஜிஸ்ட் ஒரு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, அதன் வழியாக நுனியில் கொக்கி உள்ள ஒயரை விட்டுவிட்டு ஊசியை உருவிவிடுவார். 1976-இல் ஃபிராங்க், ஹால், ஸ்டியர் மூவரும் விவரித்த இந்த முறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. விலை குறைவு, தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

ஆனால் ஒயரை வைத்த நேரத்துக்கும் கத்தி வைக்கும் நேரத்துக்கும் நடுவே சில மணி நேரம் போகிறது. அந்த இடைவெளியில் மார்பகம் பலமுறை உருமாறும். மேமோகிராம் தட்டில் தட்டையாகும், எழுந்து நின்றால் தொங்கும், ஆபரேஷன் தியேட்டர் மேஜையில் மல்லாந்தால் பக்கவாட்டில் சரியும். இத்தனைக்கும் நடுவில் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருப்பது சுற்றியுள்ள திசு மட்டும்தான். ஒயர் 2 செ.மீ. விலகினால், சர்ஜன் நல்ல திசுவை எடுத்துவிட்டுக் கட்டியை உள்ளேயே விட்டுவிட நேரலாம். நோயாளிக்கு அது இரண்டாவது அறுவை சிகிச்சை.

ஒயர் ஏன் நகர்கிறது

முதல் காரணம் திசு. அடர்த்தியான சுரப்பித் திசுவில் கொக்கி நன்றாகப் பிடிக்கும். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் பிடிப்பு குறைவு; சற்று இழுத்தாலே வெண்ணெயில் செருகிய கம்பி போல வழுக்கும். பயாப்ஸிக்காக (பரிசோதனைக்காக) முன்பே திசு எடுத்த இடத்தில் இரத்தம் தேங்கிய குழி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். குழிக்குள் விரிந்த கொக்கிக்குப் பிடிக்க எதுவுமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் குழியைத் தாண்டி, மறுபக்கத்துக் கெட்டியான திசுவில் கொக்கி விரிய வேண்டும்.

இரண்டாவது காரணம் கொக்கியின் அமைப்பு. அதன் முள் பின்னோக்கி மடங்கியிருக்கிறது. வெளியே இழுத்தால் தடுக்கும், உள்ளே போவதைத் தடுக்காது. வேட்டியில் ஒட்டிய ஊசிப்புல் நடக்க நடக்க மேலேறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கொக்கி மார்புத் தசைக்குள் போயிருந்தால், கை அசையும் ஒவ்வொரு முறையும் தசை அதைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒயர் முழுவதுமாக உள்ளே போய் நுரையீரல் உறையை எட்டிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனாலும் ஒயரின் வெளி முனையைக் குட்டையாக வெட்டிவிடக் கூடாது என்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

மூன்றாவது, அமுக்கிய மார்பகம் விரிவது. இதில்தான் தவறுகள் அதிகம். மேமோகிராம் பகுதியில் இதை விரிவாகப் பார்ப்போம்.

ஒயரையும் ஊசியையும் தேர்ந்தெடுப்பது

பரவலாகக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, கூரான கோணத்தில் மடங்கிய கொக்கி ஒயர். அமெரிக்காவில் கோபன்ஸ் 1980-இல் இதை மாற்றியமைத்தார். கோபன்ஸ் ஒயரில் கொக்கிக்குச் சற்று மேலே ஒரு பகுதி தடிமனாக இருக்கும். அறுக்கும்போது அந்தத் தடிப்பு விரலுக்குத் தெரியும், ஒயர் எளிதில் அறுபடாது. இரண்டாவது, 1980-களில் ஹோமர் கொண்டுவந்த வளைந்த நுனி ஒயர். தூண்டில் போல வளைந்திருக்கும் இதை மீண்டும் ஊசிக்குள் இழுத்து இடம் மாற்றலாம். கோணக் கொக்கியை அப்படிச் செய்யக் கூடாது. ஒருமுறை விரிந்த கொக்கியை மறுபடி ஊசிக்குள் இழுத்தால் ஊசியின் கூர் விளிம்பு ஒயரைச் சீவிவிடும், துண்டு உள்ளே தங்கிவிடும்.

கொழுப்பு மார்பகம் என்றால் தடிப்புள்ள ஒயரை எடுப்பது நல்லது. எந்த ஒயரானாலும் பொட்டலத்தில் உள்ள முழு நீளத்தை வேலை தொடங்கும் முன்பே குறித்து வையுங்கள். பின்னால் வரும் ஒரு கணக்குக்கு அது வேண்டும்.

ஊசி நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தோலிலிருந்து கட்டிவரை உள்ள தூரம், அதைத் தாண்டி ஒரு செ.மீ., அதற்கு மேல் கையில் பிடிக்க இடம், இவ்வளவும் அடங்க வேண்டும். அமுக்கிய நிலையில் 4 செ.மீ. ஆழத்தில் தெரியும் கட்டி, விட்டதும் 6 செ.மீ. ஆழத்துக்குப் போகலாம். 5 செ.மீ. ஊசி அங்கே எட்டாது. 5, 7, 9 செ.மீ. மூன்றும் கைவசம் இருந்து, சந்தேகம் வந்தால் நீளமானதை எடுங்கள். எம்ஆர்ஐ வழிகாட்டுதலில் வைப்பதானால் ஊசி, ஒயர் இரண்டும் அதற்கென்றே செய்த உலோகமாக இருக்க வேண்டும். சாதாரண எஃகு ஊசி அந்த அறைக்குள் போகவே கூடாது.

மேமோகிராமில் வைக்கும்போது

கட்டிக்கு எந்தப் பக்கத்துத் தோல் அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் மேலே வரும்படி மார்பகத்தை வைத்து, எழுத்தும் எண்ணும் குறித்த திறப்புள்ள தட்டால் அமுக்குங்கள். ஊசி எப்போதும் மார்புச் சுவருக்கு இணையாகப் போக வேண்டும். முன்னிருந்து பின்னாகக் குத்தினால் நுரையீரல் உறையில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. அமுக்கிய இடத்தின் தோலில் திறப்பின் மூலைகளை மார்க்கரால் புள்ளியிட்டு வையுங்கள். நடுவில் நோயாளி அசைந்தால் அந்தப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

தோலில் 1 சதவீத லிக்னோகைன் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) 2 முதல் 3 மி.லி. போதும். அதிகம் போட்டால் அந்த நீரே திசுவை விலக்கி, கட்டியை நகர்த்திவிடும். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே மயங்கி விழுவதும் நடக்கும். சாயும் நாற்காலியும், முன்னால் நின்று பேசிக்கொண்டே முகத்தைக் கவனிக்க ஒருவரும் தேவை. மயக்கம் வந்தால் அமுக்கத்தை அவசரமாக விடுவிக்க நேரும், ஊசியும் இடம் மாறும்.

ஊசியைக் கட்டியின் வழியாக, அதைத் தாண்டி ஆழமாகச் செலுத்துங்கள். ஊசியைப் பின்னால் இழுத்துச் சரிசெய்வது எளிது. விரிந்த மார்பகத்தில் முன்னால் தள்ளிச் சரிசெய்வது அப்படியல்ல. படம் எடுத்தால் ஊசியின் ஹப் (தோலுக்கு வெளியே நிற்கும் தலைப்பகுதி), தண்டு, நுனி மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியின் மேல் விழ வேண்டும். விலகித் தெரிந்தால் ஊசி சாய்ந்திருக்கிறது. எடுத்துவிட்டு மறுபடி குத்துவதே சரி. பாதியில் வளைத்துத் திருத்தப் பார்த்தால் கட்டியை ஒதுக்கித் தள்ளிவிடுவீர்கள்.

இனி துருத்தி விளைவு. ஆர்மோனியத் துருத்தியை மூடி, மடிப்புகளுக்கு நடுவே ஒரு குச்சியைச் செருகிவிட்டுத் துருத்தியை விரித்தால் என்ன ஆகும்? மடிப்புகள் விலகும், குச்சி நீளாது. அமுக்கிய மார்பகமும் அப்படித்தான். 5 செ.மீ. தடிமனுக்கு அமுக்கிய மார்பகம் விட்டதும் 10 செ.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அமுக்கிய நிலையில் ஆழத்தில் செய்த 1 செ.மீ. பிழை, விரிந்தபின் 2 செ.மீ. பிழையாகிவிடும். அமுக்கும் திசையும் ஊசி போகும் திசையும் ஒன்றாக இருப்பதால் இந்தப் பிழை முதல் படத்தில் தெரியவே தெரியாது. அதனால் முதல் நிலையிலேயே, ஆழத்தைப் பார்க்காமல், ஒயரை விட்டுவிடாதீர்கள். இந்த முறையில் செய்யும் தவறுகளில் மிகக் கெட்டது இதுதான் என்று சொல்லலாம்.

சரியான வரிசை இப்படி. ஊசி உள்ளே இருக்க, தட்டை மெல்ல மெல்ல விடுவியுங்கள். விடும்போது ஒரு விரல் ஹப்பைத் தோலோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் விரியும் திசு ஊசியிலிருந்து நழுவி, நுனி கட்டிக்கு முன்னாலேயே நின்றுவிடும். பிறகு முதல் படத்துக்குச் செங்குத்தான திசையில் மார்பகத்தை மறுபடி அமுக்குங்கள். இரண்டாவது படத்தில் இப்போது ஆழம் தெரியும். நுனி கட்டியைத் தாண்டி 1 முதல் 1.5 செ.மீ. தூரத்தில் இருக்கும்படி ஊசியைப் பின்னிழுத்துச் சரிசெய்யுங்கள். அதன்பின்தான் ஒயர்.

பல ஒயர்களில் ஒரு குறி இருக்கும். அந்தக் குறி ஹப்பின் வாயைத் தொடும்போது ஒயரின் நுனி ஊசி நுனியில் நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஒயரை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மற்றொரு கையால் ஊசியை மட்டும் பின்னால் உருவுங்கள். ஒயரை முன்னால் தள்ளிக் கொக்கியை விரிக்கப் பார்த்தால் அது நினைத்ததைவிட ஆழமாகப் போய் விரியும். ஊசி வெளியே வந்ததும் ஒயரை லேசாக, மிக லேசாக இழுத்துப் பார்க்கலாம். சிறு தடை தெரிந்தால் கொக்கி பிடித்திருக்கிறது.

கடைசியாக இரண்டு திசையிலும் படம் எடுங்கள். ஒயர் கட்டிக்கு 5 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல வேலை. ஒரு செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் முதல் ஒயரை இழுத்துச் சரிசெய்ய முயலாமல், அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது ஒயரைச் சரியான இடத்தில் வையுங்கள். எது சரியான ஒயர் என்று படத்திலும் காகிதத்திலும் எழுதுங்கள். சுண்ணாம்புத் துகள்கள் பல செ.மீ. பரவியிருந்தால் தொடக்கத்திலேயே இரு விளிம்புகளிலும் ஒவ்வொன்றாக இரண்டு ஒயர் வைத்து எல்லை காட்டுவது வழக்கம். அவற்றின் வெளி முனைகள் ஒன்றோடொன்று சிக்காதபடி தனித்தனியே ஒட்ட வேண்டும்.

முன்பே பயாப்ஸி எடுத்தபோது அடையாளத்துக்கு ஒரு சிறு உலோகக் கிளிப் வைத்திருந்தால், அந்தக் கிளிப்பைக் கண்மூடித்தனமாகக் குறிவைக்காதீர்கள். கிளிப்பும் இதே துருத்தி விளைவால் நகர்ந்திருக்கலாம். பயாப்ஸிக்கு முந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கிளிப் நின்ற இடம்தான் கட்டியின் இடமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அல்ட்ராசவுண்டில் தெரிந்தால்

கட்டி அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரிந்தால் இந்த வழிதான் மேல். அமுக்கம் இல்லை, துருத்தியும் இல்லை. தியேட்டரில் படுக்கப்போகும் அதே நிலையில், மல்லாந்து, கையை விரித்துப் படுக்க வைத்தே ஒயரை வைக்கலாம். தோலில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் புரோபை அழுத்திப் பிடிக்காதீர்கள். அழுத்தினால் ஆழம் குறைவாகத் தெரியும். மரத்துப்போகும் மருந்து ஏற்றும் சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் கட்டியே மறைந்துபோகும்.

கெட்டியான சிறு கட்டிகள் ஊசி பட்டதும் உருண்டு விலகும். படத்தில் ஊசி கட்டிக்குள் இருப்பது போலத் தெரிந்தாலும், புரோபை 90 பாகை திருப்பிப் பார்த்தால் பக்கவாட்டில் உரசிப் போயிருப்பது தெரியவரும். இரண்டு கோணத்திலும் பார்த்த பிறகே ஊசியை உருவுங்கள். வேலை முடிந்ததும் கட்டிக்கு நேர்மேலே தோலில் ஒரு பெருக்கல் குறி போட்டு, தோலிலிருந்து கட்டிக்கு எத்தனை மி.மீ. என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஒயர் உருவிக்கொண்டு வந்துவிட்டால்கூட அந்தக் குறி சர்ஜனுக்கு வழி காட்டும். அதன்பிறகும் ஒயர் நிற்கும் இடத்தைக் காட்ட இரண்டு திசை மேமோகிராம் எடுப்பது நல்லது. மிதமான அமுக்கம் போதும்.

தோலுக்கு வெளியே

ஒயர் நகர்வதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒயரை இறுக்கி இழுத்து டேப் ஒட்டுவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் தவறு. நோயாளி நிற்கும்போது இறுக்கமாக ஒட்டிய ஒயர், படுத்ததும் தோல் சரிய, தோலோடு சேர்ந்து இழுபடும். அந்த இழுப்பு நேரே கொக்கிக்குப் போகும்.

தோலில் நுழையும் இடத்தில் ஒயரை மடக்காமல், அடியில் ஒரு மடிப்பு காஸ் துணி வைத்து, அதன்மேல் அகலமான தளர்ந்த வளையமாகச் சுற்றிவிடுங்கள். வளையத்தின் தொலைவுப் பகுதியில் மட்டும் டேப் ஒட்டுங்கள். நுழைவாயிலில் ஒட்டக் கூடாது. ஒயர் தோலின் வழியாகக் கொஞ்சம் முன்பின் வழுக்க இடம் இருக்க வேண்டும். மேலே இன்னொரு காஸ் வைத்து மூடி, உடை உரசாதபடி செய்யுங்கள். முனை கண்ணில் பட வேண்டும், உடையில் சிக்கக் கூடாது. முனையில் ஒரு சிறு டேப் கொடி ஒட்டினால் அது உள்ளே போய்விடாமல் இருக்க இன்னொரு காவல்.

இப்போது அந்த நீளக் கணக்கு. முழு ஒயர் 20 செ.மீ., வெளியே தெரிவது 13 செ.மீ. என்றால் உள்ளே 7 செ.மீ. இந்த மூன்று எண்களையும் படத்திலும் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். தியேட்டரில் மருந்து தடவும் முன் டேப்பைப் பிரித்து மறுபடி அளந்தால் ஒயர் நகர்ந்ததா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. நிற்கும்போது அளந்துவிட்டு, படுத்தபின் அளந்தால் எண் மாறும். மார்பகம் தட்டையாகி, தோல் கொக்கியை நெருங்கிவிடுவதால், நுனி நகராமலே வெளிநீளம் கூடித் தெரியும். அதனால் முதல் அளவையும் நோயாளியைப் படுக்க வைத்து, கையை விரித்த நிலையிலேயே எடுங்கள். இரண்டுக்கும் ஓரிரு செ.மீ. வித்தியாசம் வந்தால் கத்தியை எடுக்கும் முன் ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட வேண்டும்.

தியேட்டர் வரை

அதே நாளில், முடிந்தவரை ஒயர் வைத்த சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். நோயாளி நடக்காமல் சக்கர நாற்காலியில் அல்லது ஸ்ட்ரெச்சரில் போகட்டும். முன்பக்கம் திறக்கும் சட்டை, தளர்ந்த ஆதரவு போதும். இறுக்கமான பிரா வேண்டாம். அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லாதீர்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மற்றக் கையில் கட்டுங்கள். சிகிச்சை மாலைக்குத் தள்ளிப்போனாலோ, இடையில் நோயாளி வாந்தி எடுத்தாலோ, கீழே விழுந்தாலோ, மறுபடி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

மயக்கம் கொடுத்தபின் நோயாளியை மேஜையில் தூக்கிச் சரிசெய்யும் தருணத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கையைப் பிடித்து இழுப்பது, துணியை உருவுவது, மருந்து தோய்த்த பஞ்சால் அழுத்தித் துடைப்பது, எல்லாம் ஒயரை அசைக்கும். ஒயர் இருக்கிறது என்பதை உரக்கச் சொல்லிவிட்டே தூக்குங்கள். ஒயரின் நுழைவாயிலைச் சுற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

அறுக்கும்போது

ஒயர் நுழைந்த இடத்திலேயே வெட்ட வேண்டும் என்று இல்லை. இரண்டு படங்களையும் சுவரில் மாட்டி, கொக்கி எங்கே, தடிப்பு எங்கே, கட்டி எங்கே என்று மனதில் வரைந்துகொண்டு, கட்டிக்கு அருகில் வெட்டுங்கள். நடுவழியில் ஒயர் கண்ணில் பட்டதும் அதன் வெளி முனையைத் தோலின் அடியில் காயத்துக்குள் கொண்டுவந்து, ஒரு சிறு கிளாம்ப் போட்டு வையுங்கள். அந்தக் கிளாம்பை உதவியாளர் இழுத்துப் பிடிக்கக் கூடாது. திசுவைத் தூக்க வேண்டுமென்றால் ஒயரைச் சுற்றியுள்ள திசுவில் ஒரு தையலைப் போட்டு அதைத் தூக்குங்கள். ஒயரைக் கைப்பிடியாக்கினால், குறிப்பாகக் கொழுப்பு மார்பகத்தில், அது கையோடு வந்துவிடும்.

டயத்தெர்மி (மின்சூட்டால் அறுக்கும் கருவி) முனை ஒயரில் பட்டால் சூடு ஒயர் வழியாகப் பாயும். மெல்லிய ஒயர் உருகி அறுபடலாம், தோலும் சுடலாம். ஒயருக்கு அருகில் கத்தியோ கத்தரிக்கோலோ போதும், அதுவும் ஒயரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே. தடிப்பு விரலில் தட்டுப்பட்டதும் வேகத்தைக் குறையுங்கள். அங்கிருந்து கட்டி அருகில்தான். கொக்கியையும் தாண்டி, அதற்கு அப்பால் உள்ள திசுவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். கொக்கியோடு நிறுத்தினால் ஆழப் பக்கத்து விளிம்பில் கட்டி மிச்சமாகும்.

ஒயர் உருவிக்கொண்டு வந்துவிட்டதா? நிறுத்துங்கள். அதே துளையில் மறுபடி செருக முயலாதீர்கள். அது வேறு பாதையில்தான் போகும். கட்டி அல்ட்ராசவுண்டில் தெரியுமென்றால் தியேட்டரிலேயே புரோபைக் கொண்டுவந்து தேடலாம். வெறும் சுண்ணாம்புத் துகள்கள் என்றால் தோலில் போட்ட குறி, படங்கள், ஒயர் விட்டுச்சென்ற பாதை ஆகியவற்றை வைத்து எடுத்து, திசுவின் எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவு செய்யலாம். அதுவும் நம்பிக்கையாக இல்லையென்றால் காயத்தை மூடி, மறுபடி ஒயர் வைத்து வருவதே நோயாளிக்கு நல்லது. குருட்டாம்போக்கில் பெரிய துண்டாக எடுப்பது எந்த வகையிலும் ஈடாகாது.

எடுத்த திசு

திசு வெளியே வந்ததும், கீழே வைக்கும் முன்பே, திசை காட்டும் தையல்களைப் போடுங்கள். குட்டை இழை மேல்பக்கம், நீண்ட இழை வெளிப்பக்கம் என்பது பல இடங்களில் வழக்கம். பிறகு இரண்டு திசையில் எக்ஸ்ரே. அதில் மூன்றைத் தேடுங்கள்: கட்டி அல்லது துகள்கள், பயாப்ஸி கிளிப், ஒயரின் முழு நுனி. கொக்கி இல்லாத ஒயர் தெரிந்தால் துண்டு உள்ளே இருக்கிறது. சி-ஆர்ம் (தியேட்டரில் பயன்படும் நகரும் எக்ஸ்ரே கருவி) கொண்டு பார்க்காமல் தைத்து மூடக் கூடாது. எக்ஸ்ரேக்காகத் திசுவைக் கடுமையாக அமுக்காதீர்கள். விளிம்பு வெடித்து, விளிம்பைக் காட்டப் பூசும் மை உள்ளே ஓடி, திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜிஸ்டுக்கு விளிம்பு தப்பாகத் தெரியும். பரவும் புற்றுநோயில் மை பட்ட விளிம்பில் கட்டி இல்லையென்றாலே போதும் என்பதும், பால்நாளத்துக்குள் அடங்கிய புற்றில் 2 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவுகள். படத்தில் கட்டி ஒரு ஓரத்தை ஒட்டி இருந்தால் அந்தப் பக்கத்தில் இன்னொரு படலத்தை அப்போதே எடுத்துவிடலாம்.

ஒயருக்குப் பதிலாக, வெளியே நீட்டிக்கொண்டு எதுவுமில்லாத காந்த விதை, ரேடார் பிரதிபலிப்பான், கதிரியக்க அயோடின் விதை போன்றவை இப்போது வந்திருக்கின்றன. இழுபடும் பிரச்சினை அவற்றில் இல்லை, பல நாள் முன்பே வைக்கலாம். ஆனால் அமுக்கிய நிலையில் விட்டால் அவையும் துருத்தி விளைவுக்குத் தப்பாது. விலையும், தனிக் கருவியும் சேர்ந்துகொள்ளும்.

ஒயர் வைத்தபின் அறுவை சிகிச்சையே ரத்தானால்? வளைந்த நுனி ஒயர் என்றால் ஊசியை மறுபடி ஏற்றி உள்ளிழுத்து எடுத்துவிடலாம். கோணக் கொக்கி என்றால், யாரும் படுக்கையருகே பிடித்து இழுத்துப் பார்க்காமல், நோயாளியை வீட்டுக்கும் அனுப்பாமல், சர்ஜனும் ரேடியாலஜிஸ்டும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒயரின் வகை, நீளம், வைத்த நேரம் மூன்றும் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை நடக்கும். எழுதாமல் விட்டிருந்தால் குப்பைத்தொட்டியில் பொட்டலத்தைத் தேட வேண்டியதுதான்.